பால் வருமுன் கணினி விழித்திருக்க வேண்டும்

எங்கள் ஊர் பால் சொசைட்டியின் கதவை நான் திறக்கும்போது மணி காலை 5:10 ஆகியிருக்கும். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பி, கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். அந்த நேரத்துக்கே வாசற்படியில் இருபது பேர் தூக்குப்போசியும் கேனுமாக நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆறு மணிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள். மற்றவர்களுக்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளும் வேலை பாதியில் கிடக்கும். கறந்த பாலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றால் அவரை நிற்க வைக்க எனக்கு மனம் ஒப்பாது.

ஆனால் மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவர்கள் தினமும் நின்றார்கள். காரணம் கணினி. சுவரில் சுவிட்சைப் போட்டு, சி.பி.யு.வின் பொத்தானை அழுத்தி, விண்டோஸ் எழுந்து, பால் கணக்கு மென்பொருள் திறந்து, தராசும் பால் பரிசோதனைக் கருவியும் அதனுடன் இணைய எட்டு நிமிடம் ஆகும். "ஏன் கண்ணு, பெட்டி இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்று வரிசையில் முதல் ஆளாக நிற்கும் ஆத்தா கேட்பார். 20 பேர் எட்டு நிமிடம் நின்றால் 160 நிமிடம். மாலையிலும் அதே கதை. ஊர்க்காரர்களின் நேரத்தை இப்படித் தின்பது எனக்குப் பொறுக்கவில்லை. கணினி தானாகவே எழ வழி உண்டா என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

வழி உண்டு. அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இப்போது எங்கள் கணினி காலை 4:50க்கும் மதியம் 2:40க்கும் தானே விழிக்கிறது. நான் செய்ததையும், தவறிப்போய்த் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கடை, எடைமேடை, ஜவுளிக் கிடங்கு, கிராம நூலகம் என்று குறித்த நேரத்தில் கணினி தயாராக இருக்க வேண்டிய எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

அணைத்த பிறகு கணினிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் காரணம் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கணினியை 'ஷட் டவுன்' செய்தாலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அது முழுதாக அணைவதில்லை. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை ஊதா நிறக் கம்பி வழியாக, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டில் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஆர்.டி.சி. என்பார்கள். அதனுள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும்; அதுதான் ஒரு நொடி. மின்சாரமே இல்லாதபோதும் இந்தக் கடிகாரம் ஓட, நாணயம் போன்ற ஒரு பேட்டரி மதர்போர்டில் பதிந்திருக்கும். சேவல் கூவும் நேரத்தை இந்தக் கடிகாரத்திடம் சொல்லிவைக்கலாம். அந்த நேரம் வந்ததும் அது மதர்போர்டைத் தட்டும். காத்திருப்பு மின்சாரம் இருந்தால் மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எழுப்பும்.

1984இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியிலேயே அலாரம் வசதியுள்ள மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கணினியின் சுவிட்ச் நம் வீட்டு விளக்குச் சுவிட்ச் போல மின்சாரத்தையே துண்டித்துவிடும். அலாரம் அடித்தாலும் எழுப்ப வேண்டிய மின்சாரம் உள்ளே இருக்காது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகுதான் காத்திருப்பு மின்சாரம் வந்தது. ஆக, இன்று உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் எந்தக் கணினியிலும் இந்த வசதிக்கான உறுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அனுமதி மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

அந்த அனுமதியைக் கொடுக்கும் இடம் பயாஸ். விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியை முடுக்கும், மதர்போர்டிலேயே பதிந்த நிரல் அது. கணினியை முடுக்கியவுடன், விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன், அதற்கான விசையை விடாமல் தட்டுங்கள். அசெம்பிள் செய்த கணினி என்றால் பெரும்பாலும் டெலீட் விசை. டெல் கணினிக்கு எஃப் 2, எச்.பி.க்கு எஃப் 10, லெனோவா மேசைக் கணினிக்கு எஃப் 1. உள்ளே போனதும் பவர் என்ற சொல் வரும் பக்கங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஏசூஸ் மதர்போர்டில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஏ.பி.எம். கான்ஃபிகரேஷன்' என்பதற்குள் 'பவர் ஆன் பை ஆர்.டி.சி.' என்று இருக்கும். கிகாபைட்டில் 'ரெஸ்யூம் பை அலாரம்'. எம்.எஸ்.ஐ.யில் 'வேக் அப் ஈவென்ட் செட்டப்' என்பதற்குள் 'ரெஸ்யூம் பை ஆர்.டி.சி. அலாரம்'. டெல்லில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்பதற்குள் 'ஆட்டோ ஆன் டைம்'. எச்.பி.யில் 'பயாஸ் பவர் ஆன்'. லெனோவாவில் 'ஆட்டோமேட்டிக் பவர் ஆன்' என்பதற்குள் 'வேக் அப் ஆன் அலாரம்'. அலாரம் அல்லது ஆர்.டி.சி. என்ற சொல் கண்ணில் பட்டால் அதுதான் நீங்கள் தேடி வந்தது.

அதை 'எனேபிள்' செய்ததும் நாளும் நேரமும் கேட்கும். சில மதர்போர்டுகளில் நாள் என்ற இடத்தில் 0 போட்டால் தினமும் என்று பொருள். 15 என்று போட்டால் மாதத்தில் 15ஆம் தேதி மட்டும் எழும். டெல், எச்.பி. கணினிகளில் கிழமைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிறு விடுமுறை உள்ள கடைக்கு அது வசதி. மாட்டுக்கு ஞாயிறு கிடையாது என்பதால் நான் எல்லா நாளையும் தேர்ந்தெடுத்தேன். நேரத்தைப் பெரும்பாலான பயாஸ்களில் 24 மணிக் கணக்கில்தான் போட வேண்டும். பரிசோதிக்கும் நாளில் நான் மாலை 3 மணிக்கு என்று நினைத்து 3 போட்டுவிட்டேன். அன்று இரவு 3 மணிக்குச் சொசைட்டியில் திரை வெளிச்சம் எரிவதைப் பார்த்த எதிர்த் தோட்டத்து மாமா, திருடன் புகுந்துவிட்டான் என்று தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வயதில் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடிவர வைத்துவிட்டோமே என்று எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. மதியம் 3 மணி என்றால் 15 என்று போடுங்கள். பிறகு எஃப் 10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

இங்கேயே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் மறுநாள் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்தேன். காரணம், அதே பயாஸில் இதைத் தடுக்கும் இன்னொரு கதவும் இருக்கிறது. அதன் பெயர் 'ஈ.ஆர்.பி.'. அணைத்த நிலையில் உள்ள மின்கருவிகள் வீணாக மின்சாரம் குடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. 2010இல் 1 வாட் என்று இருந்த வரம்பு 2013இல் 0.5 வாட்டாகக் குறைந்தது. அந்த விதிக்குக் கட்டுப்பட, ஈ.ஆர்.பி. அமைப்பு இயங்கும்போது காத்திருப்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை மதர்போர்டு துண்டித்துவிடும். அலாரத்தைக் கேட்கக் காது இருக்காது. ஆகவே அலாரம் வைத்த கணினியில் ஈ.ஆர்.பி.யை 'டிஸேபிள்' செய்தாக வேண்டும். டெல்லில் இதே வேலையைச் செய்வது 'டீப் ஸ்லீப் கன்ட்ரோல்'. அதையும் அப்படியே அணைத்துவிடுங்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் தலைவருக்குக் கவலை வந்துவிட்டது. "ராத்திரி முழுவதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் பில் ஏறாதா அம்மணி?" என்றார். சொசைட்டிப் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்று நினைக்கும் மனிதர். அவர் கேட்டது நியாயம். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அணைத்த கணினி 3 வாட் எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 72 வாட் மணி. ஒரு யூனிட் ஓட ஏறக்குறைய 14 நாள் ஆகும். இரண்டு மாதப் பில்லில் நாலு யூனிட்டுக்குச் சற்று அதிகம். வரிசையில் நிற்பவர்களின் 160 நிமிடத்துக்கு எதிரே இதை வைத்துப் பார்த்தவர், அப்போதே சரி என்று சொல்லிவிட்டார்.

தலைவரின் மனதை மாற்றுவதை விடக் கடினமாக இருந்தது சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை மாற்றுவது. எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது சிறுவயதிலிருந்தே ஊறிய பழக்கம். மானாவாரிச் சீமையில் தண்ணீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவழித்தே பழகியவர்கள் நாங்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் காத்திருப்பு மின்சாரம் போய்விடும். நாணய பேட்டரி கடிகாரத்தை மட்டும் ஓட்டும்; கணினியை எழுப்ப அதற்கு வலு இல்லை. எங்கள் கணினி சரியாக எழாத முதல் வாரத்தில் மூன்று நாள், காரணம் இது ஒன்றுதான். மாலை வேலை முடிந்ததும் பெருக்க வரும் அக்கா தன் பொறுப்பாக சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதே, அதுவும் போட்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஓர் அரை மருந்து பயாஸிலேயே இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் கணினி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் அமைப்பு அது. ஏசூஸில் 'ரெஸ்டோர் ஏ.சி. பவர் லாஸ்', டெல்லில் 'ஏ.சி. ரெகவரி', கிகாபைட்டில் 'ஏ.சி. பேக்', எச்.பி.யிலும் லெனோவாவிலும் 'ஆஃப்டர் பவர் லாஸ்'. அதை 'பவர் ஆன்' என்று மாற்றிவிட்டால், சுவர் சுவிட்சைப் போட்ட நொடியிலேயே கணினி எழும். மேசைக்கு அடியில் குனிந்து சி.பி.யு. பொத்தானைத் தேட வேண்டியதில்லை. முட்டிவலி உள்ளவர்கள் கடையைத் திறக்கும் இடங்களில் இந்த ஓர் அமைப்பே போதும் என்பேன். ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால் அப்போதும் கணினி எழுந்து, காலைவரை வீணாக ஓடும். அதனால், யு.பி.எஸ். இல்லாமல் அடிக்கடி மின்சாரம் போய்வரும் இடத்தில் இருப்பவர்கள் 'லாஸ்ட் ஸ்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அணைந்திருந்த கணினி அணைந்தபடியே இருக்கும்.

யு.பி.எஸ். இருந்தால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது எடுக்கப்படும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். அணைந்திருக்கும் கணினி எடுப்பதோ மிகக் குறைவு. பிறகு மின்சாரம் வந்ததும் சில யு.பி.எஸ்.கள் தானாக இயங்கும்; சிலவற்றின் பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் இயங்கும். உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, ஒரு மதியம் கணினியை அணைத்துவிட்டு, யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டு, மறுபடி செருகிப் பாருங்கள்.

இனி மதிய நேரம். பயாஸ் அலாரத்தில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரம்தான் வைக்க முடியும். எங்களுக்கோ மாலைப் பாலுக்கு இன்னொரு தடவை வேண்டும். இங்கே விண்டோஸின் உதவியை நாடினேன்.

விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால் வரும். ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: உறங்கும் கணினியை அது எழுப்பும், முழுதாக ஷட் டவுன் ஆன கணினியை அதனால் எழுப்ப முடியாது. ஆகவே காலைப் பால் முடிந்ததும் நான் ஷட் டவுன் செய்வதில்லை, 'ஹைபர்னேட்' செய்கிறேன். 'ஸ்லீப்' என்றால் திறந்திருந்தவை எல்லாம் நினைவகத்தில் இருக்கும், இடையில் மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஹைபர்னேட்டில் அவை ஹார்டு டிஸ்கில் எழுதப்பட்டுவிடும். காலைக் கணக்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதால் எனக்கு ஸ்லீப்பில் நம்பிக்கை இல்லை.

விண்டோஸ் 10இல் ஹைபர்னேட் பட்டியலில் தெரியாமல் இருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, மேலே மாற்ற முடியாதவற்றை மாற்ற அனுமதிக்கும் வரியைச் சொடுக்கினால், கீழே ஹைபர்னேட்டுக்கு ஒரு கட்டம் தெரியும். அதில் டிக் போடுங்கள். அதே இடத்தில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற கட்டமும் இருக்கும். விண்டோஸ் 8 முதல் வந்த வசதி இது. ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதியை ஹைபர்னேட் போலச் சேமித்துவைக்கும். சில கணினிகளில் இது பயாஸ் அலாரத்தைக் குழப்புகிறது. காலை அலாரம் எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் இந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் 'கிரியேட் டாஸ்க்' என்பதைச் சொடுக்குங்கள். 'பேசிக் டாஸ்க்' வேண்டாம். நமக்கு வேண்டிய பக்கம் அதில் நேரடியாக வராது. முதல் பக்கத்தில் பெயர் கொடுங்கள். யாரும் உள்நுழையாவிட்டாலும் இயங்கட்டும் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். 'ட்ரிகர்ஸ்' பக்கத்தில் தினமும் மதியம் 2:40 என்று நேரம் வையுங்கள். 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் ஏதாவது ஒரு நிரலைக் கொடுத்தாக வேண்டும். எழுப்புவதுதான் நோக்கம் என்பதால் கால்குலேட்டரைக் கொடுத்தாலும் போதும். எல்லாவற்றுக்கும் உயிர் 'கண்டிஷன்ஸ்' பக்கம். அங்கே 'வேக் த கம்ப்யூட்டர் டு ரன் திஸ் டாஸ்க்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். கடைசியாக, பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, 'ஸ்லீப்' என்பதற்குக் கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' என்பதை 'எனேபிள்' செய்யுங்கள். இதை மறந்துவிட்டு மற்ற எல்லாம் செய்தால் கணினி அசையாமல் கிடக்கும்.

இப்படி எழுந்த கணினியை யாரும் தொடாவிட்டால் 2 நிமிடத்தில் திரும்பவும் உறங்கிவிடும். விண்டோஸின் இயல்பான அமைப்பே அப்படித்தான். ஆளில்லாமல் எழுந்ததால் வேலை முடிந்தது, உறங்கலாம் என்று அது நினைக்கிறது. இந்த 2 நிமிடத்தை மாற்றும் இடம் பவர் ஆப்ஷன்ஸில் மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அதை வெளியே தெரிய வைக்க ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். கணினி பழுதுபார்க்கும் தம்பியிடம் சொல்லி எங்கள் கணினியில் 30 நிமிடமாக மாற்றிக்கொண்டேன். காலையில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அலாரம் அடித்து முதலிலிருந்து எழும் கணினி சாதாரணமாக முடுக்கிய கணினியைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

இரண்டு நேரத்தையும் டாஸ்க் ஷெட்யூலரிலேயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், இரண்டு ட்ரிகர் கொடுத்தால் போதும். எம்.எஸ்.ஐ. மதர்போர்டில் எழுப்பும் பொறுப்பு பயாஸுக்கா விண்டோஸுக்கா என்றே ஒரு கேள்வி இருக்கும். பயாஸ் என்று வைத்தால் விண்டோஸின் அலாரம் எடுபடாமல் போகலாம், அங்கே பொறுப்பை விண்டோஸுக்குக் கொடுத்து இரண்டு நேரத்தையும் டாஸ்க் ஷெட்யூலரில் வைப்பதே வழி. ஆனால் இரவு நீளமானது, மின்சாரம் போய்வர வாய்ப்பு அதிகம். இரவுக்குப் பயாஸ் அலாரம்தான் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மாலையில் நான் கணக்கை முடித்துப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு முழுதாக ஷட் டவுன் செய்துவிடுவேன்.

கடிகாரம் தவறினால் எல்லாமே தவறும். நாணய பேட்டரியின் பெயர் சி.ஆர். 2032. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட். கடையில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை சொற்பம். அது தீர்ந்துவிட்டால், சுவர் சுவிட்ச் அணைந்திருந்த இரவுக்குப் பிறகு கணினி பழைய தேதி ஒன்றைக் காட்டும். நீங்கள் வைத்த அலாரமும் மறந்துபோகலாம். சில கணினிகள் எழுந்தும் எஃப் 1 அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். பழைய கணினியில் அலாரம் வைக்கப் போகிறவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதை அழுத்துங்கள். மாற்றிய பின் நாள், நேரம், அலாரம், ஈ.ஆர்.பி. எல்லாவற்றையும் பயாஸில் மறுபடி வைக்க வேண்டும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என் அண்ணன் மகன் ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறான். அவன் கணினியில் காலை 5 மணிக்கு அலாரம் வைத்துக்கொடுத்தேன். அது 10:30க்கு எழுந்தது. இரண்டு நாள் குழம்பினோம். விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தையே வைக்கிறது. லினக்ஸோ இயல்பாக உலகப் பொது நேரத்தை வைக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. பயாஸுக்கு 5 மணி என்பது நமக்கு 10:30. ஆகவே லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் காலை 5 மணிக்கு எழ வேண்டுமானால் பயாஸில் 23:30 என்று வைக்க வேண்டும். தினமும் என்றால் சிக்கலில்லை. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு வைத்தால் முந்தைய நாள் தேதியைப் போடுங்கள். எந்தக் கணினியானாலும் அலாரம் வைக்கும் முன் பயாஸ் காட்டும் நேரத்தைக் கைபேசி நேரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

எழுந்த கணினி கடவுச்சொல் கேட்டு நிற்கும். அதையும் எடுத்துவிட்டால் பால் கணக்கு மென்பொருள்வரை தானே திறந்துகொள்ளும் என்று பலர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். அதில் உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கின்றன. பூட்டிய அறையில் ஆளில்லாமல் இருபது நிமிடம் விழித்திருக்கும் கணினி அது. எட்டு நிமிடத்தில் பெரும்பகுதி விண்டோஸ் எழுவதற்குத்தான் போகிறது. கடவுச்சொல்லுக்குப் பிறகு ஆகும் ஒன்றரை நிமிடத்தில் நான் தராசைத் துடைத்து, பால் பரிசோதனைக் கருவியில் தண்ணீர் ஓட்டிக் கழுவிவிடுவேன்.

பயாஸில் அலாரமே இல்லாத பழைய கணினி என்றால், பிளக்கில் செருகும் 24 மணி நேர டைமர் ஒன்றை வாங்கி, ஏ.சி. பவர் லாஸ் அமைப்பைப் 'பவர் ஆன்' என்று வைத்து ஓட்டலாம். சுற்றிலும் 96 பற்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். முதலில் நான் முயன்றது இதைத்தான். கைவிட்டதற்கு இரண்டு காரணம். மின்சாரம் போனால் டைமரின் சக்கரமும் நின்றுவிடும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை செய்த நாளுக்குப் பிறகு அது 8 மணி நேரம் பின்தங்கியே ஓடியது. அதைவிட மோசமானது, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே டைமர் மின்சாரத்தை வெட்டிவிடக் கூடும். ஒரு நாள் கணக்கு போய்விட்டால் யாருக்கு எவ்வளவு பால் என்று எப்படிச் சொல்வது? வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் டைமர். மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸ் அலாரம் கிடையாது. இருந்தாலும் பைக்குள் மூடிவைத்த மடிக்கணினி எழுந்தால் சூடேறும், மேசையில் திறந்து வைப்பதாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

எல்லாம் வைத்து முடித்த அன்றே நம்பிவிடாதீர்கள். முதலில் பத்து நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பாருங்கள். பிறகு ஓர் இரவு. பிறகு ஒரு வாரம், தினமும் எழுந்ததா என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். எழாத நாளுக்கு எதிரே சுவிட்ச் அணைந்திருந்ததா, மின்சாரம் போனதா என்று எழுதுங்கள். என் நோட்டில் முதல் வாரம் ஏழில் நாலு நாள்தான் எழுந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏழும்.

எழாமல் போகும் நாள்கள் இன்றும் உண்டு, அவை நாங்களே தேர்ந்தெடுத்தவை. சித்திரை வைகாசியில் கோடை மழை வரும்போதும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடி கடுமையாக இருக்கும். மேகம் கறுத்துவிட்டால் அலாரத்தைப் பற்றி யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே, எதிர்த் தோட்டத்து மாமா மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட எழும்போது தம்மிடம் உள்ள சாவியால் திறந்து பிளக்கைச் செருகிவிடுவார். ஏ.சி. பவர் லாஸ் அமைப்பு 'பவர் ஆன்' என்று இருப்பதால் அந்த நொடியே கணினி எழுந்துவிடும். பெருக்க வரும் அக்காவுக்காக, சுவிட்ச் போர்டுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'இந்தச் சுவிட்சை அணைக்க வேண்டாம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கவும். பிடுங்கினால் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போகவும்.'